இடது காது

ஆட்டு வயலின் இரும்புக் கதவைத் தாண்டினால்
எண்பத்து மூன்று படிகள்.
கடைசி ஆறும் போன குளிர்காலப் புயலில் கடலோடு போய்விட்டன.
அந்த இடத்தில் யாரோ நீலக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
முதுகைக் கடலுக்குக் காட்டி இறங்க வேண்டும்,
அறுபத்தொரு வயதில்,
அண்ணனைத் திட்டிக்கொண்டே.

கீழே கால் பட்டதும் காற்று நின்றுவிடுகிறது.
மேலே மஞ்சள் முட்புதரைப் பிய்த்துக்கொண்டிருந்தது,
பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்கிறது.
கரும்பலகைக்கல் முழங்கால் இரண்டு,
நடுவே மடியளவு கரை.
பெயர்ப்பலகை கிடையாது.
எங்களுக்கு இது போர்த் வெனல்.

நேற்று இட்வல் இங்கே குளித்தான்,
அக்டோபரில்,
மருத்துவர் கூடாதென்று சொன்ன ஒரே காரணத்துக்காக.
காதுக் கருவியைக் கழற்றி ஷூவுக்குள் வைத்தானாம்.
ஷூவைக் கவிழ்த்து மணலைத் தட்டிய பிறகுதான்
ஞாபகம் வந்ததாம்.
மொச்சைக்கொட்டை அளவு.
சாம்பல் நிறம்,
கண்ணை உறுத்தாத நிறமாக வேண்டுமென்று
அவனே கேட்டு வாங்கியது.
இப்போது இந்தக் கரை முழுக்க அந்த நிறம்தான்.

பதினொன்று நாற்பதுக்கு வற்றம்.
அதற்குப் பிறகு கடல் தன் கற்களைத் திருப்பிக் கேட்கும்.
சுண்ணாம்புக் காளவாயிலிருந்து அவன்,
ஓடை வாயிலிருந்து நான்,
எந்தப் பக்கமும் சேராமல் நாய் மோட்.
கிடைத்தவை:
நண்டு கழற்றிப் போட்ட சட்டை,
ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை,
கடல் நக்கி நக்கி முனை மழுங்கிய பச்சைக் கண்ணாடி.
மொச்சைகள் நூறு, அத்தனையும் கல்.

மேட்டிலிருந்து பண்ணைக்காரி லௌரி கத்தினாள்,
என்ன தேடுகிறீர்கள்?
இவன் காதை, என்றேன்.
சற்று நேரம் பார்த்தாள்.
ஆடுகளிடம் திரும்பிப் போனாள்.

அலை பின்வாங்கும்போதெல்லாம்
கற்கள் ஒன்றையொன்று மெல்லும் ஓசை.
அவனுக்கு அதில் வலப்பக்கம் மட்டும்.
பாதிக் கடல்.

நான் அவன் இடப்பக்கம் போய்க் குந்தினேன்.
ஒரு கல்லைப் புரட்டி,
கல்லிடம் சொல்வதுபோலச் சொன்னேன்:
க்வென்னோலை விற்றுவிட்டேன்.
ஜூலையில். நீ முழங்கால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது.
உன் கையெழுத்துப் பழக மூன்று தாள் வீணாயிற்று.
வாங்கியவன் ஃபிஷ்கார்டுக்காரன்,
உடம்பெல்லாம் வெள்ளையடித்து
வேறு பேர் எழுதிவிட்டான்.
பணம் உன் கூரையில் இருக்கிறது.
மழை ஒழுகவில்லை என்று போன வாரம் சிரித்தாயே,
அது படகு.

அவன் அடுத்த கல்லைப் புரட்டினான்.
அதற்கடுத்ததையும்.
அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கழுத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தேநீருக்காக உட்கார
அவனுடைய துண்டை இழுத்தேன்,
நேற்று ஈரத்தோடு சுருட்டி
இன்றும் ஈரத்தோடு கொண்டுவந்த துண்டு.
மோட் செவியை நிமிர்த்தியது.
ஊசிமுனைபோல் ஒரு கீச்சு.
மடிப்புக்குள், நூலில் சிக்கி,
இரவு முழுக்க அவன் குளியலறைக் குழாய் சொட்டுவதைக்
கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது அந்த மொச்சை.

கையை மூடினால் வீறிட்டது.
திறந்தால் அடங்கியது.
இரண்டு முறை மூடித் திறந்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.
பிறகு கொடுத்தேன்.

மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தான்.
அடேயப்பா, என்றான், இவ்வளவு சத்தமா இது.
பழ ரொட்டியில் தடித்த துண்டை எனக்குத் தந்தான்.
அவன் எப்போதும் மெல்லியதைத் தருகிறவன்.

வற்றம் திரும்பியது.
காளவாயின் காலை நுரை தொட்டது.
கயிற்றில் அவன் முன்னே, நான் பின்னே,
நாயை என் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு.
எண்பது படிவரை பேச்சில்லை,
மூச்சுதான்.

இரும்புக் கதவருகே காற்று
விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்ந்தது.
அவன் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்,
என்ன பேர் வைத்திருக்கிறான்?

இந்த முறை
வலப்பக்கம் போய்ச் சொன்னேன்.